வெளிநாட்டு ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் எப்போது பார்க்க வேண்டும்: கையெழுத்துக்குப் பிறகா, அதற்கு முன்பா?

சீனிவாசன், ஆர்.கே.புரம்
சனி, காலை 7:20

நேற்று சாயந்திரம் மலை மந்திர் கோயில் வாசலில் நம் ஆட்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். பிரிட்டனோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் நம் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வந்ததா என்று ஒருவர் கேட்டார். வரவில்லை, வரவேண்டும் என்ற கட்டாயமும் நம் சட்டத்தில் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2025 ஜூலை 21-ஆம் தேதி மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. ஜூலை 24 அன்று பிரிட்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதாவது இரு அவைகளும் இங்கே டெல்லியில் கூடியிருந்த அதே வாரம். அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த தீர்வை 75-க்கு வந்து, பத்தாவது வருஷத்தில் 40 ஆகும். இப்படி ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணை அது.

அதே ஒப்பந்தம் பிரிட்டனில் எப்படிப் போக வேண்டும் தெரியுமா? அங்கே 2010-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தத்தை அவையில் வைத்து, 21 அமர்வு நாட்கள் காத்திருந்த பிறகுதான் அரசு அதை உறுதி செய்யலாம், அதாவது கையெழுத்துக்குப் பின் இறுதி ஒப்புதல் கொடுக்கலாம். அதற்குள் கீழவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் அரசு விளக்க அறிக்கையை அவையில் வைத்து, மறுபடி 21 அமர்வு நாட்கள் காத்திருக்க வேண்டும். பிரபுக்கள் அவையில் ஒப்பந்தங்களைப் படிக்கவே தனிக் குழு இருக்கிறது.

நான் 31 வருஷம் நாடாளுமன்ற வளாகத்தில் வேலை பார்த்தவன். மக்களவையில் கேள்வி நேரம் 12 மணிக்கு முடியும். முடிந்ததும் 'மேசையில் வைக்கப்படும் ஆவணங்கள்' என்று ஒரு கட்டம் வரும். அமைச்சர் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்காருவார். அந்த ஒரு வாக்கியத்தில் இருபது அறிவிக்கைகள் அடங்கியிருக்கும். இறக்குமதித் தீர்வையைக் குறைக்கும் அறிவிக்கைகளும் சுங்கச் சட்டத்தின் 159-ஆம் பிரிவுப்படி அப்படித்தான் வந்து விழும், அதுவும் அரசிதழில் ஏறி நடைமுறைக்கு வந்த பிறகு. உறுப்பினர்கள் அப்போது பாதிப் பேர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் அடுத்த பிரச்சினையைக் கிளப்ப நோட்டீஸோடு நிற்பார்கள். அந்தத் தாள்களைக் கட்டி நூல் போட்டு நூலகத்துக்கு அனுப்பும் வேலையை நானே செய்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

என் நிலைப்பாடு இதுதான்: வெளிநாட்டோடு போடும் முக்கியமான எந்த ஒப்பந்தமும் உறுதி செய்யப்படும் முன் அவைக்கு வர வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும்.

சண்முகம், லாஜ்பத் நகர்
சனி, காலை 8:05

சீனிவாசன் சார், வணக்கமுங்க. உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா இதுல நான் நேர் எதிர்ப்பக்கம்.

நான் திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்காக இங்கே டெல்லியில 14 வருஷமா அலையறவன். வர்த்தக அமைச்சக ஆபீஸ்தான், முன்னே உத்யோக் பவன், இப்ப வாணிஜ்ய பவன். பிரிட்டனுக்கு பங்களாதேஷ்காரன் பனியன் அனுப்பினா வரி இல்லை. இந்த ஒப்பந்தத்துக்கு முன்ன நாம அனுப்பினா 12 சதவீதம் வரைக்கும் வரி. ஒரு டி-சர்ட்டுல நமக்கு நிக்கறதே ரெண்டு மூணு சதவீதம்தானுங்க. பையர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துட்டு டாக்காவுக்குப் போயிடுவான். 2022 ஜனவரியில ஆரம்பிச்ச பேச்சு 2025 மே மாசம்தான் முடிஞ்சுது. மூணு வருஷம் நாலு மாசம். அதுக்குள்ள எத்தனை யூனிட் பூட்டிக்கிச்சுன்னு எங்க ஊர்ல வந்து கேளுங்க.

இத்தனைக்கும் மேல, அவையில வெச்சு, எதிர்க்கட்சி கூச்சல் போட்டு, அவை ஒத்திவெச்சு, அடுத்த கூட்டத்தொடர்னு போனா எந்த நாட்டுக்காரன் நம்மகிட்ட பேச உக்காருவான்? பேரம் பேசறவன் தன் கடைசி விலையை முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்ல முடியுமுங்களா?

பிரபு, ராஜேந்தர் நகர்
சனி, காலை 8:40

சண்முகம் அண்ணன் சொல்றதோட நானும் ஒத்துப்போறேன், ஆனா என் காரணம் வேற. நான் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவன், இந்தப் பாடம் இப்பதான் முடிச்சேன்.

நம்ம அரசமைப்பு இதைத் தெரியாம விட்டுடல. ஒன்றியப் பட்டியல்ல 14-ஆவது இனம் ஒப்பந்தம் போடுறதையும் நிறைவேத்துறதையும் பத்திப் பேசுது. 73-ஆவது பிரிவு, நாடாளுமன்றம் சட்டம் போடக்கூடிய விஷயங்கள்ல ஒன்றிய அரசு செயல்படலாம்னு சொல்லுது. உள்நாட்டுச் சட்டத்தை மாத்தணும்னா மட்டும் 253-ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றம் சட்டம் போடணும். எல்லாத்துக்கும் மேல 75-ஆவது பிரிவு: அமைச்சரவை முழுக்க மக்களவைக்குப் பொறுப்பு. ஒப்பந்தம் பிடிக்கலன்னா ஆட்சியையே கவுக்கலாமே. 2008 ஜூலை 22-ஆம் தேதி அமெரிக்காவோட அணு ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திச்சார், 275-க்கு 256. இதைவிடப் பெரிய பரிசோதனை என்ன இருக்கு?

அவைக்கு அதிகாரம் கொடுத்த நாடுகளையும் பாருங்க. அமெரிக்க செனட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். முதல் உலகப் போர் முடிச்சு வெச்ச வெர்சாய் உடன்படிக்கையையே அவங்க தோற்கடிச்சாங்க. 1999-ல அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தமும் அங்கே தோத்துச்சு. கையெழுத்துப் போட்ட அதிபரோட வார்த்தைக்கு வெளியுலகத்துல என்ன மதிப்பு?

அருள்மேரி, முனிர்கா
சனி, பகல் 1:15

நைட் டியூட்டி முடிச்சு இப்பத்தான் எந்திரிச்சேன். எல்லாரும் எழுதினதைப் படிச்சேன்.

நான் பாம்பன் பொண்ணு. அப்பா, பெரியப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவங்க. எங்க வீட்ல கச்சத்தீவுன்னா 285 ஏக்கர் நிலம் இல்ல. வலையைக் காயப் போட்ட இடம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் பொங்கச் சட்டியோட போன இடம்.

1974 ஜூன் மாசம் இலங்கையோட ஒப்பந்தம் ஆச்சு. கையெழுத்துப் போட்டு முடிச்சப்புறம் ஜூலை மாசம்தான் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில அறிக்கை படிச்சார். இரா.செழியன் எதிர்த்துப் பேசினார். ராமநாதபுரத்து எம்.பி. மூக்கையாத் தேவர் எதிர்த்துப் பேசினார். பேசி என்ன ஆகும், மை காஞ்சு போச்சே. இருந்தாலும் அந்த ஒப்பந்தத்துல 5-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. நம்ம மீனவரும் பக்தர்களும் முன்ன மாதிரியே போய் வரலாம், விசா வேணாம்னு.

எங்க ஊருக்கு நெசமான அடி 1976 மார்ச் 23-ல விழுந்துச்சு. ரெண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாத்திக்கிட்டாங்க. அந்தக் கடிதத்துல ஒரு நாட்டு மீன்பிடிப் படகு இன்னொரு நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக் கூடாதுன்னு வந்துருச்சு. அப்போ நாட்ல நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவருங்க பல பேர் ஜெயில்ல. தமிழ்நாட்ல ஜனவரி 31-ஆம் தேதியே ஆட்சியைக் கலைச்சுட்டாங்க, சட்டமன்றமே கெடையாது. எங்களுக்காகக் கேக்க டெல்லியிலயும் ஆளில்ல, சென்னையிலயும் ஆளில்ல.

பிரபு தம்பி, ஆட்சியையே கவுக்கலாமேன்னு ஈஸியா எழுதிட்டீங்க. ஒரு கடிதத்துக்காக யாராச்சும் ஆட்சியைக் கவுப்பாங்களா? கேக்குறதுக்கு ஒரு வாசல் வேணும், அவ்வளவுதான். இப்ப திருவிழாவுக்குப் போகணும்னா பேர், ஆதார் நகல் எல்லாம் முன்னாடியே குடுத்து, பட்டியல்ல வந்தாத்தான் படகு ஏறலாம். எங்க தாத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுக் கிளம்புன இடம் அது.

நெறியாளர்
சனி, பகல் 1:50

கச்சத்தீவு பேச்சு வந்தால் எந்தக் கட்சி விட்டுக்கொடுத்தது என்ற சண்டை தொடங்கிவிடும். அந்த வகைப் பதிவுகள் மூன்றை நீக்கியிருக்கிறேன். நடைமுறையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கார்த்திகா, ஜங்புரா
சனி, மாலை 6:30

நெறியாளர் நீக்கிய அந்தச் சண்டையே அருள்மேரி அக்கா சொல்வதற்குச் சாட்சி என்று நினைக்கிறேன். யாருக்கு முன்னாலேயே தெரியும், யார் யாரிடம் மூடிய அறையில் சொன்னார்கள் என்று ஐம்பது வருஷமாக ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுகிறார்கள். அவையில் வைத்துப் பேசியிருந்தால் யார் என்ன சொன்னார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் அன்றைக்கே அச்சாகியிருக்கும்.

நான் வழக்கறிஞர், அதனால் பெருபாரியிலிருந்து தொடங்குகிறேன். 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் ஒரு உடன்பாடு செய்தார்கள். ஜல்பாய்குரி மாவட்டத்தில் பெருபாரி என்ற பகுதியில் பாதியைக் கிழக்கு பாகிஸ்தானுக்குக் கொடுப்பது என்று அதில் இருந்தது. வங்காளம் கொதித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நம் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசின் கையெழுத்து போதாது, அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் நீதிமன்றம் சொன்னது. அப்படி வந்ததுதான் 9-ஆவது திருத்தம்.

அப்படியானால் கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது நம் நிலமாக வரையறுக்கப்படவே இல்லை, தாவாவில் இருந்த இடத்துக்கு எல்லை மட்டுமே வகுத்தோம், எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் ஒன்றிய அரசின் நிலை. எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்ளத் திருத்தம் தேவையில்லை என்று கட்ச் வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 'விட்டுக்கொடுத்தல்', 'எல்லை வகுத்தல்' என்ற இரண்டு சொற்களில் எது பொருந்தும் என்று முடிவு செய்தது யார்? கையெழுத்துப் போட்ட அதே அரசு. அவைக்குப் போவதா வேண்டாமா என்பதும் அந்தச் சொல்லில்தான் தொங்கியது.

பிரபு, 2008 பற்றி ஒரு திருத்தம். அன்றைக்கு நடந்தது நம்பிக்கை வாக்கெடுப்பு. அணு ஒப்பந்தத்தின் ஒரு வரிகூட ஓட்டுக்கு விடப்படவில்லை. அதே ஒப்பந்தத்தை அமெரிக்காவில் இரு அவைகளும் தனியாக எடுத்து ஓட்டுப் போட்டுத்தான் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நிறைவேற்றின.

பிரபு, ராஜேந்தர் நகர்
சனி, இரவு 7:55

கார்த்திகா அக்கா, பெருபாரிக்கு நன்றி. ஆனா அதே எல்லையில நடந்த மிச்சக் கதையையும் சொல்லுங்க. பங்களாதேஷோட 1974 மே மாசம் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அரசமைப்புத் திருத்தம் வேணும்ங்கறதால அது நிறைவேற 2015 ஆச்சு. 41 வருஷம்! அந்தப் பக்கம் நம்ம நிலத்துண்டு 111, இந்தப் பக்கம் அவங்க நிலத்துண்டு 51. நடுவுல சுமார் 51,000 பேர் ரேஷன் கார்டு இல்லாம, கரெண்ட் இல்லாம, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க அடுத்தவன் பேரைத் தகப்பன் பேர்னு எழுதிக்கிட்டு வாழ்ந்தாங்க. அவையோட ஒப்புதல்ங்கற நல்ல எண்ணத்துக்கு அவங்க கொடுத்த விலை இது.

கார்த்திகா, ஜங்புரா
சனி, இரவு 8:30

அந்த 51,000 பேரை நினைவுபடுத்தியது நல்லது. ஆனால் 41 வருஷத்தையும் நாடாளுமன்றத்தின் தலையில் போடாதீர்கள். திருத்த மசோதாவை அவையில் கொண்டுவந்ததே 2013 டிசம்பரில்தான். அதற்கு முன் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அது அரசுகளின் அலமாரியில் கிடந்தது.

அவைக்கு வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். வெளியுறவு நிலைக்குழுவுக்குப் போனது. எல்லா மாற்றங்களையும் அலசிவிட்டு, மசோதாவைத் தாமதிக்காமல் நிறைவேற்றுங்கள் என்று 2014 டிசம்பரில் குழு அறிக்கை கொடுத்தது. 2015 மே மாதம் இரு அவைகளிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. வந்து சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் முடிந்த வேலை. முன்பு எதிர்த்தவர்கள் வழிக்கு வர அந்தக் குழு அறையும் ஒரு காரணம் என்பேன்.

சண்முகம், லாஜ்பத் நகர்
சனி, இரவு 9:10

எல்லைக்கும் வர்த்தகத்துக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. நிலம் எங்கேயும் ஓடிடாது, ஆர்டர் ஓடிடும். பேச்சுவார்த்தை நடக்கும்போதே அட்டவணை வெளிய வந்தா என்ன ஆகும்? எந்தச் சரக்குக்கு எந்த வருஷம் வரி குறையுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவன் சரக்கைப் பதுக்குவான், இல்லாட்டி ஆளைப் புடிச்சுத் தன் சரக்கைப் பட்டியல்லருந்து எடுத்துடுவான். எம்.பி.ங்களுக்கும் கம்பெனி இருக்குது, சொந்தக்காரங்க கம்பெனி இருக்குது.

ஆஸ்திரேலியா ஒப்பந்தம் எப்படி நடந்துச்சு? 2022 ஏப்ரல் 2-ல கையெழுத்து. அங்கே துணிக்கு 5 சதவீத வரி இருந்துது, அது பூஜ்யமாகணும். நாங்க மாசக்கணக்கா காத்துக்கிட்டிருந்தோம். நவம்பர் 22-ல ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேத்திடுச்சுன்னு செய்தி வந்தப்ப எங்க ஆபீஸ்ல ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம். டிசம்பர் 29-ல அமலுக்கு வந்துது. அந்த எட்டு மாசத் தாமதமே எங்களுக்கு ஒரு சீசன் போச்சு.

அருள்மேரி, முனிர்கா
சனி, இரவு 9:25

சண்முகம் அண்ணே, நீங்க எழுதினதை நீங்களே இன்னொரு தரம் படிங்க. அவங்க நாடாளுமன்றம் சரின்னு சொல்றதுக்கு நாம எட்டு மாசம் காத்திருந்தோம். சொன்னதும் இங்க ஸ்வீட் குடுத்தோம். நம்ம நாடாளுமன்றம் சரின்னு சொல்லுமான்னு அந்த நாட்ல ஒருத்தராவது காத்திருந்தாங்களா?

சீனிவாசன், ஆர்.கே.புரம்
சனி, இரவு 10:40

அருள்மேரி கேட்டதை நான் முப்பது வருஷமாகக் கேட்க நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் 1996 முதல் இரு அவைகளுக்கும் பொதுவாக ஒப்பந்தங்களுக்கான குழு ஒன்று இயங்குகிறது. ஒப்பந்தத்தோடு கூடவே அது நாட்டுக்கு ஏன் நல்லது, என்ன செலவு, யாரைக் கலந்து பேசினோம் என்று ஒரு ஆய்வுக் குறிப்பையும் அரசு கொடுக்க வேண்டும். பொதுமக்கள் எழுதிக் கொடுக்கலாம். நம் ஒப்பந்தத்தையும் அந்தக் குழு உட்கார்ந்து படித்தது. சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேல். நம்மோடு 2024 மார்ச்சில் போட்ட ஐரோப்பிய சுதந்திர வர்த்தகக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தை அவர்கள் நாடாளுமன்றம் ஏற்ற பிறகும், 100 நாளில் 50,000 பேர் கையெழுத்துப் போட்டால் மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். யாரும் அந்த எண்ணிக்கையைச் சேர்க்கவில்லை, ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்தது. வாசலைத் திறந்து வைத்ததால் வீடு இடிந்துவிடவில்லை.

இனி ரகசியம் பற்றி. சண்முகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பேரம் நடக்கும்போது அட்டவணையைக் கடைத்தெருவில் விரிக்க முடியாது. நான் கேட்பதும் அதை அல்ல. கையெழுத்துக்கும் உறுதி செய்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒப்பந்தம் துறைக்கான நிலைக்குழுவுக்குப் போகட்டும் என்கிறேன். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31. அந்தக் கூட்டங்கள் மூடிய கதவுக்குள்தான் நடக்கும், பத்திரிகையாளருக்கு இடமில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், வெளியில் இருப்பவர்கள் கவனிக்காதது: குழு அறையில் கொறடா உத்தரவு கிடையாது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு அவைக்குள் ஒரு உறுப்பினர் தன் மனசுப்படி ஓட்டுப் போட்டால் பதவி போகும். குழு அறையில் அந்தப் பயம் இல்லை. ஆளும் கட்சி உறுப்பினரே செயலாளரை நிறுத்தி வைத்து, 'இந்தப் பக்கத்தில் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். டீ ஆறிப்போகும், அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே நிற்பார். நம் ஜனநாயகத்தில் எனக்குப் பிடித்த இடம் அந்த அறைதான்.

ஒரு முறை இது நடந்தும் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய டங்கல் வரைவை ஐ.கே.குஜ்ரால் தலைமையில் வர்த்தக நிலைக்குழு 1993-இல் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது, 1994 ஏப்ரலில் மராக்கேஷில் கையெழுத்தாகும் முன்பே. அரசு எவ்வளவு கேட்டது என்பது வேறு விஷயம், ஆனால் கையெழுத்துக்கு முன் குழு உறுப்பினர்கள் படித்துக் கருத்து எழுதி வைத்தார்கள்.

லட்சுமி, மயூர் விஹார்
ஞாயிறு, காலை 6:50

அந்த டங்கல் விவகாரத்தின் மறுமுனை எங்கள் வீட்டில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனியின் அசல் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய் என்றும், நம் ஊர்க் கம்பெனிகளின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள் என்றும் அன்றைக்குப் பேச்சு. அப்பா ஓய்வூதியக்காரர். எது வாங்கியிருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பட்டையைக் கிழித்து மாத்திரையை என் உள்ளங்கையில் தட்டுவார், தேதியைச் சொல்லி நாள்காட்டியில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்வார்.

அந்த மலிவு மருந்து எப்படித் தப்பியது? உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும். 2004 டிசம்பரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதை நிலையான சட்டமாக்க 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. அங்கே இடதுசாரிகள் விடாமல் மல்லுக்கு நின்றார்கள். 3-ஆவது பிரிவின் ஈ உட்பிரிவு இறுக்கப்பட்டது. பழைய மருந்தைச் சற்று உருமாற்றிவிட்டு, குணமாக்கும் திறன் கூடாமலேயே புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்பது அதன் சாரம். அதை வைத்துத்தான் 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த அசல் மருந்துக்காக நோவார்ட்டிஸ் கம்பெனி கொடுத்த விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவசரச் சட்டம் அப்படியே நின்றிருந்தால் அந்த வரிகள் வந்திருக்காது. அவையில் பேசினால் தாமதம் மட்டும்தான் ஆகும் என்று எழுதுகிறவர்கள் எங்கள் வீட்டு நாள்காட்டியை வந்து பார்க்கலாம்.

சண்முகம், லாஜ்பத் நகர்
ஞாயிறு, காலை 9:00

லட்சுமி அம்மா, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலைங்க. அப்பா நல்லா இருக்கோணும்.

ஒண்ணை ஒத்துக்கறேன். குழுவுக்குப் போகட்டும்கறதுல எனக்கு இனி எதிர்ப்பில்லை. ஆனா கெடு வேணும். பிரிட்டன் மாதிரியே 21 அமர்வு நாள். அதுக்குள்ள குழு அறிக்கை வரலைன்னா அரசு மேல போகலாம். தடுக்கற அதிகாரம் குழுவுக்கு வேண்டாம். கேள்வி கேக்கட்டும், அரசு எழுத்துல பதில் சொல்லட்டும்.

இன்னொண்ணு. இதே அரசு 2019 நவம்பர்ல பாங்காக்குல ஆர்.சி.இ.பி.ங்கற ஆசிய-பசிபிக் நாடுகளோட வர்த்தக ஒப்பந்தத்துல சேர மாட்டோம்னு எந்திரிச்சு வந்துது. பால்காரங்களும் விவசாயிங்களும் போட்ட சத்தம் கேட்டுதானே? அவையில ஓட்டு நடக்கலை, ஆனா மக்கள் பேச்சு எடுபட்டுது. எல்லாமே அவைக்குள்ள நடந்தாத்தான் நியாயம்னு இல்லைங்க.

கார்த்திகா, ஜங்புரா
ஞாயிறு, காலை 10:15

பால் உற்பத்தியாளர்களுக்கு நாடு முழுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன, சத்தம் எட்டியது. 2009-இல் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது மிளகு, ரப்பர், பாமாயில் என்று கேரளம் முழுக்க எதிர்த்தது, மனிதச் சங்கிலிகூட நின்றார்கள். 2010 ஜனவரியில் அது அமலுக்கு வந்துவிட்டது. யாருடைய சத்தம் எட்டும் என்பது அவரவர் பலத்தைப் பொறுத்தது என்றால், பாம்பனில் இருப்பவர் என்ன செய்வார்? விவசாயமும் மீன்பிடியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் 253-ஆவது பிரிவு அந்த வேலியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே குழு அறிக்கை எழுதும் முன் பாதிக்கப்படும் மாநிலத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இது நம் சொந்த ஆசை மட்டும் அல்ல. நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையில் அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம், ஒப்பந்தம் போடும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று 2002-லேயே பரிந்துரைத்தது. 14-ஆவது இனம் அந்தச் சட்டத்துக்கான அதிகாரத்தை 1950-இலிருந்தே கொடுத்து வைத்திருக்கிறது.

பிரபு, ராஜேந்தர் நகர்
ஞாயிறு, காலை 11:05

நான் இன்னும் முழுசா மாறல. குழுவுக்கு அனுப்புற பழக்கமே தேஞ்சுட்டு வருது. 15-ஆவது மக்களவையில 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போச்சு, 17-ஆவதுல 16 சதவீதம்தான். சொந்த மசோதாவையே அனுப்பாத அவை, வெளிநாட்டு ஒப்பந்தத்தை ஒழுங்காப் படிக்கும்னு எப்படி நம்புறது? பிரிட்டன்லயும் 2010 சட்டத்தை வெச்சு எந்த ஒப்பந்தத்தையும் கீழவை நிறுத்தினதில்லை. சட்டம் போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு ஒரு திருப்தி வந்துடுமோன்னு பயப்படுறேன்.

சீனிவாசன், ஆர்.கே.புரம்
ஞாயிறு, பகல் 12:20

பிரபு, அந்த 16 சதவீதம்தான் சட்டம் வேண்டும் என்பதற்கு என் காரணம். அனுப்புவது அரசின் விருப்பம் என்று இருப்பதால்தான் அது தேய்ந்தது. கட்டாயம் என்று எழுதிவிட்டால் அரசு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தாள் குழு அறைக்குப் போய்ச் சேரும். படிப்பதும் படிக்காததும் அந்த 31 பேரின் பொறுப்பு, அதை நான் அவர்களிடம் கேட்க முடியும். இன்றைக்கு யாரிடம் கேட்பது?

ஒரு யோசனை. மக்களவைக்கு யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம், உறுப்பினர் ஒருவர் மூலம் கொடுத்தால் அவர் மேலொப்பம் போட வேண்டும். அதைப் பார்க்க மனுக்கள் குழு இருக்கிறது. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், வேறு இந்திய மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பை இணைத்து அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதலாம் என்று விதி இருக்கும்போது நாம் தமிழிலேயே எழுதுவோம். கார்த்திகா மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அருள்மேரி, முனிர்கா
ஞாயிறு, பகல் 12:45

தமிழ் மனு நான் எழுதுறேன் சார். 1976 கடிதத்தைப் பத்தி ஒரு பத்தி கண்டிப்பா வரணும். ஊருக்கு அனுப்பி அப்பாகிட்டயும் கையெழுத்து வாங்கிடுறேன்.

சண்முகம், லாஜ்பத் நகர்
ஞாயிறு, பகல் 1:10

21 நாள் கெடு அதுல இருந்தா என் கையெழுத்தும் உண்டுங்க. இல்லாட்டி இல்லை.

சீனிவாசன், ஆர்.கே.புரம்
ஞாயிறு, பகல் 1:30

கெடு வரும், மாநிலத்தைக் கேட்பதும் வரும். அடுத்த ஞாயிறு மாலை 4 மணி, மலை மந்திர் படிக்கட்டு அருகே. பிரபு, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், வரைவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வாருங்கள்.